தலைவர் எழுந்த பிறகும் பாடியவன்

மாலை ஐந்து மணி நாற்பத்திரண்டு நிமிடம். இந்த நேரம் என் செல்போன் வீடியோவில் பதிவாகியிருக்கிறது, ஞாபகத்திலிருந்து சொல்லவில்லை. முதலில் நான் பார்த்தது ஒரு சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலி. ஆள் உயரத்துக்கு மேலே, நான்கு கால்களும் வானத்தைப் பார்த்தபடி அது போய்க்கொண்டிருந்தது. அது இறங்கிய இடத்தில் ஒருவர் நெற்றியைப் பிடித்துக்கொண்டு மணலில் உட்கார்ந்தார். விரல்களுக்கு நடுவே ரத்தம் வர மூன்று விநாடி ஆனது.

மேடையில் என் தம்பி பாடிக்கொண்டிருந்தான். ஆங்கிலப் பாட்டு.

நான் புதுச்சேரியில் ஒரு மாலை நாளிதழில் பதினோரு வருடமாகக் குற்றச் செய்தி எழுதுகிறேன். ஒரு சண்டையை நடக்கும்போதே முழுதாகப் பார்த்தது அன்றைக்குத்தான். மற்றபடி நான் போகும்போது தண்ணீர் ஊற்றிக் கழுவியிருப்பார்கள்.

இது எங்கே தொடங்கியது என்று கேட்டால், ஒரு புத்தகத்தில் என்பேன். தம்பிக்குப் பதினேழு வயதில் சண்டே மார்க்கெட்டில், பழைய ஜீன்ஸ் குவியலுக்குப் பக்கத்துக் கடையில் வாங்கியது. அட்டை கிழிந்து போயிருந்தது. ஓர் அமெரிக்கப் பாடகரின் வாழ்க்கை வரலாறு. உலகத்தில் பாதிப் பேருக்குத் தெரிந்த பாடகர். உள்ளே ஒரு கறுப்பு வெள்ளைப் படம். இருபது வயதுகூட இருக்காது அவருக்கு. கையில் கிட்டார், ஒரு கண் வீங்கி மூடியிருக்கிறது, பாடிக்கொண்டிருக்கிறார். தம்பி அந்தப் படத்துக்காகத்தான் வாங்கினான். அவன் தமிழ் மீடியம். பாட்டுகளைக் காதால் கேட்டே உச்சரிப்பு தவறாமல் பாடுவான். ஆங்கிலத்தில் ஒரு பக்கம் படிக்கச் சொன்னால் உதடு காய்ந்துவிடும்.

அதனால் நான் படித்தேன். எங்கள் வீடு உப்பளம் பகுதியில், ஒரு மாடி. காலை ஆறரைக்கு மொட்டை மாடியில் துணி உலர்த்தும் கயிற்றுக்குக் கீழே உட்கார்ந்து, ஒரு பத்தி ஆங்கிலத்தில் படித்து, அதைத் தமிழில் சொல்வேன். ஏழேகாலுக்கு நிறுத்த வேண்டும். ஏழரைக்கு அப்பா வந்துவிடுவார்.

அப்பா வேலை பார்த்த மில் மூடிய பிறகு ஏ.டி.எம். காவலுக்குப் போனார். இரவு முழுக்க ஸ்டூலில் உட்கார்ந்திருந்துவிட்டுக் காலையில் வந்து தூங்குவார். தம்பி பாடிப் பழக ஒரே நேரம் பகல். ஒரு சுவருக்கு இந்தப் பக்கம் தூக்கம், அந்தப் பக்கம் பாட்டு. அப்பா எழுந்து வந்தால் பேச மாட்டார். செக்யூரிட்டி கம்பெனி கொடுத்த பெல்ட் ஆணியில் தொங்கும். பக்கிள் பக்கத்தைக் கையில் சுற்றிக்கொண்டால் அன்றைக்குக் கோபம் குறைவு என்று அர்த்தம். பக்கிள் வெளியே இருந்த ஒரு நாளில் தம்பியின் கீழ்ப்பல் பாதி உடைந்தது. குறுக்கே போன அம்மாவின் மணிக்கட்டும் அதே நாளில் உடைந்தது. ஆஸ்பத்திரியில் பாத்ரூமில் வழுக்கி விழுந்ததாகச் சொன்னோம். சொன்னது நான். அன்று மதியம் அலுவலகம் போய், மனைவியைத் தாக்கிய கணவர் கைது என்று வேறொரு வீட்டுச் செய்தியை எழுதினேன்.

புத்தகத்தில் முதல் ஐந்து அத்தியாயங்களும் அடிதான். பாடகரின் அப்பா மரம் அறுக்கும் ஆலையில் வேலை செய்தவர். மகன் தேவாலயத்தில் பாடினால் பெருமைப்படுவார். அதே குரலில் வீட்டில் ரேடியோப் பாட்டைப் பாடினால் அடிப்பார்.

"அவங்கப்பன் எதால அடிப்பான்?" என்று தம்பி கேட்டான்.

"குதிரைக்குப் போடற வாரால."

"நம்ம ஆளு பரவால்லக்கா. யூனிஃபார்மோட அடிக்கிறாரு."

ஏழாவது அத்தியாயம் அந்தப் பாடகர் தொழில் தொடங்கிய இடம் பற்றியது. நெடுஞ்சாலை ஓரத்தில் ஒரு நடனக் கூடம். லாரி டிரைவர்களும் ஆலைத் தொழிலாளிகளும் சனிக்கிழமை மாலை வந்து குடிப்பார்கள், ஆடுவார்கள், அடித்துக்கொள்வார்கள். முதல் நாளே பாடகரின் கண்ணில் யாரோ குத்தியிருக்கிறார்கள். படத்தில் இருந்த வீக்கம் அதுதான். கூடத்தின் முதலாளி அவரைக் கூப்பிட்டு ஒரு விஷயம் சொல்கிறார். நான் தம்பிக்குச் சொன்ன தமிழ் இது: "சண்டை வந்தா பாட்ட நிறுத்தாத. நிறுத்துனா எல்லாரும் சண்டையத்தான் பாப்பான். நீ பாடிக்கினே இருந்தா பாதிப் பேரு உன்னப் பாப்பான். மீதிப் பேருக்கு அடிக்க ஆளு கெடைக்காது."

தம்பி எழுந்து நின்றுவிட்டான். "இன்னா மூளைக்கா அவனுக்கு!"

அந்தப் பக்கம் அந்த வரியோடு முடிந்தது. திருப்பப் போனபோது போன் வந்தது. தவளக்குப்பம் சந்திப்பில் லாரி மோதி இரண்டு பேர் சாவு. பக்கத்தின் மூலையை மடித்து வைத்துவிட்டுப் போனேன். மறுநாள் காலை அதே இடத்தில் திறந்தபோது தம்பி வேண்டாம் என்றான். "அந்த சாப்டர் போதும்க்கா. மேட்டர் வந்துடுச்சி. அவன் ரெக்கார்டு போட்ட கதைக்குப் போ." எட்டாவது அத்தியாயத்துக்குப் போனோம். இசைத்தட்டு கம்பெனி அவரை இரண்டு முறை திருப்பி அனுப்பியது. மூன்றாவது முறை ஒரு விலா எலும்பு உடைந்த நிலையில் பாடினார். வெளியானது அந்தப் பாட்டுதான்.

தம்பி இருபத்திரண்டு வயதில், கடற்கரைக்குப் பின்னால் பிரெஞ்சுத் தெரு ஒன்றில் இருக்கும் ஓட்டலில் ஞாயிறு மதியம் பாடப் போனான். பெரும்பாலும் அந்த அமெரிக்கப் பாடகரின் பாட்டுகள். பெங்களூரிலிருந்து வார இறுதிக்கு வருகிறவர்கள் பீரோடு கேட்பார்கள். ஒரு ஞாயிறு, இரண்டு மேஜைக்காரர்களுக்குள் தகராறு. ஒருவன் கண்ணாடிக் குவளையை மேஜையில் உடைத்து அடுத்தவனின் முன்கையில் இறக்கினான். தசைநார் வெள்ளையாகத் தெரிந்ததாம். கிட்டார்காரன் நிறுத்திவிட்டான். தம்பி நிறுத்தவில்லை. குரலை ஏற்றிப் பாடியிருக்கிறான். மூன்று மேஜைக்காரர்கள் திரும்பி மேடையைப் பார்த்தார்கள். குத்தியவனே ஒரு நொடி பார்த்தான். அதற்குள் இரண்டு வெயிட்டர்கள் அவன் கையை முறுக்கிப் பின்னால் கொண்டுபோனார்கள். பிரெஞ்சு ராணுவ பென்ஷன் வாங்கும் கிழவர் ஒருவர் ஓர் ஓரத்தில் எழுந்து நின்று "பிராவோ, பிராவோ" என்று கை தட்டினாராம்.

எனக்கு போன் செய்தான். "அக்கா, வேலை செய்யிது!"

"எது?"

"ஏழாவது சாப்டரு."

அந்த ஓட்டலுக்கு வந்த ஒருவர் மூலமாகத்தான் கப்பல் வேலை வந்தது. உல்லாசக் கப்பலில் பாட ஆள் எடுக்கும் சென்னை ஏஜென்ட். குரல் தேர்வில் தம்பி தேறிவிட்டான். மிச்சம் ஒன்றுதான். பெரிய கூட்டத்துக்கு முன்னால், கூட்டம் ஆடுகிற மாதிரி, ஒரே பாட்டு, வெட்டாத வீடியோ. திங்கட்கிழமைக்குள் அனுப்ப வேண்டும். அனுப்பினால் எட்டு மாத ஒப்பந்தம். எட்டு மாதம் அந்த வீட்டில் படுக்க வேண்டாம். அவன் பேச்சில் அதுதான் முதலில் வரும், சம்பளம் அப்புறம்.

ஓட்டலில் நாற்பது பேருக்கு மேல் உட்கார முடியாது. அப்போது ஓர் இன்னிசைக் குழு மாஸ்டர் கூப்பிட்டார். கீ-போர்டு வாசிப்பவர், முப்பது வருடமாகக் கோயில் கச்சேரி செய்கிறவர். ஞாயிறு மாலை, வடக்கே ஒரு மீனவ கிராமத்தில் திருவிழாக் கச்சேரி; சாமி புறப்பாட்டுக்கு முன்னால் நான்கரை முதல் ஆறரை வரை. பாடகர் ஒருவருக்குக் காய்ச்சல்.

"சினிமாப் பாட்டு பத்து பாடு. நடுவுல உன் இங்கிலீஷ் பாட்டு ஒண்ணு உடு. பசங்க ஆடுவானுங்க" என்றார் மாஸ்டர்.

குழு வேனில் போனது. நாங்கள் என் ஸ்கூட்டரில் போனோம். எனக்கு வார விடுமுறை. வீடியோ எடுப்பது என் வேலை. கனகசெட்டிக்குளம் போகும் பஸ்ஸுக்குப் பின்னால் புகையைத் தின்றுகொண்டே போனது நினைவிருக்கிறது. தம்பி பின்னால் உட்கார்ந்து ஊர் எல்லை வரை குரல் பழகிக்கொண்டு வந்தான்.

வேனில் மாஸ்டர் குழுவுக்கு ஒரு விஷயம் சொல்லியிருக்கிறார். அந்தக் கிராமத்தில் கூட்டத்தில் தகராறு என்றால் ஊர்த் தலைவர் எழுந்து தோள் துண்டைக் கையில் எடுப்பார். எடுத்துவிட்டால் மேளம், மைக், ரேடியோ, வாய், எல்லாம் நிற்க வேண்டும். கடலில் நடந்த தகராறானாலும் கல்யாணப் பந்தியானாலும் அப்படித்தான். அதன் பிறகு சத்தம் போடுகிறவன் தலைவருக்கு எதிராகப் போடுகிறான் என்று எடுத்துக்கொள்வார்கள். கூட்டத்தில் இது யாருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. எங்கள் இரண்டு பேருக்கும் தெரியாது.

ஐந்தரைக்கு மேல் தம்பி ஆங்கிலப் பாட்டைத் தொடங்கினான். நான் மேடையிலிருந்து பத்தடி தள்ளி, ஜெனரேட்டர் வண்டியின் படியில் ஏறி நின்று எடுத்தேன். பையன்கள் சட்டையைக் கழற்றிச் சுற்றி ஆடினார்கள். முன்வரிசைக்குப் பக்கத்தில் நாற்பது வயது மதிக்கத்தக்க ஒருவர், மகளைத் தோளில் வைத்துக்கொண்டு தாளம் தவறாமல் கை தட்டினார். வீடியோவில் அவர் தெளிவாக இருக்கிறார். ஏஜென்ட் கேட்டது சரியாக அதுதான். இரண்டு நிமிடம் நாற்பது விநாடி வரை அப்படியே போகிறது.

பக்கத்துக் கிராமத்துப் பையன்கள் ஏழெட்டுப் பேர் வந்திருந்தார்கள். இரண்டு ஊருக்கும் சுருக்குமடி வலை விவகாரத்தில் பேச்சுவார்த்தை இல்லை. இவர்கள் அந்த வலை கூடாது என்கிற ஊர், அவர்கள் போடுகிற ஊர். வந்தவர்கள் படகுக்காரர்களுக்குப் போட்டிருந்த முதல் வரிசை நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்கள்.

"எந்திரிடா. படகு வச்சிருக்கிறவன் குந்துற எடம்."

"எங்களாண்ட ஒங்களவிடப் பெரிய படகு கீது."

"பெரிய படகுதான். பொடி மீனக்கூட உடாம வாரினு போற படகு."

அப்புறம்தான் நாற்காலி.

அதன் பிறகு நடந்ததை வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்து எழுதுகிறேன். ஒருவனின் காதைப் பிடித்து இழுக்கிறார்கள். அவன் சட்டைக் காலர் சிவக்கிறது. இன்னொருவன் மணலில் குப்புறக் கிடக்க, முதுகில் நாற்காலியின் காலால் இரண்டு, மூன்று, நான்கு. ஒரு பெண் தன் செருப்பால் யாரையோ அடிக்கிறார். தம்பி பாடுகிறான். மேடை நடுவில் நின்றிருந்தவன் முன்விளிம்புக்கு வருகிறான். குரலை ஏற்றுகிறான். முகத்தில் பயமில்லை, கிட்டத்தட்ட சந்தோஷம்.

பிறகு தலைவர் எழுந்தார். வெள்ளை வேட்டி, ஒல்லியான ஆள். துண்டை எடுத்துக் கையில் பிடித்தார். வேறொன்றும் செய்யவில்லை. சண்டை நின்றது. தூக்கிய கைகள் அப்படியே இறங்கின. மாஸ்டர் கீ-போர்டிலிருந்து கையை எடுத்தார், டிரம்ஸ் நின்றது. கடல் சத்தம் கேட்டது.

தம்பி திரும்பி மாஸ்டரைப் பார்த்தான். வாசி, வாசி என்று கையைச் சுழற்றினான். பிறகு கூட்டத்தைப் பார்த்தான். இசை இல்லாமல், தனிக் குரலில் தொடர்ந்தான். அந்த அமைதி தன் பாட்டினால் வந்தது என்று அவன் நினைத்திருக்க வேண்டும். ஓட்டலில் அப்படித்தான் வந்தது.

பதினாறு விநாடி அவன் மட்டும் பாடினான். தலைவர் துண்டைப் பிடித்தபடி நின்றார். பக்கத்து ஊர்ப் பையன் ஒருவன், உதடு கிழிந்தவன், இரண்டு விரலை வாயில் வைத்து விசிலடித்தான். "பாடு மச்சான்! இவனுங்க தலைவரு துண்டுக்கு எவன் பயந்தான்!"

மகளைத் தோளில் வைத்திருந்தவர் அவளை இறக்கிவிட்டார். மேடைக்குப் பக்கத்தில் ஃபைபர் படகு ஒன்றைக் கரையேற்றி வைத்திருந்தார்கள். அதிலிருந்து துடுப்பை எடுத்தார். மேடை இடுப்பு உயரம்தான். அவர் ஏறவில்லை, கீழேயிருந்தே பக்கவாட்டில் வீசினார். துடுப்பின் அகலப் பகுதி தம்பியின் கழுத்தின் முன்பக்கம் பட்டது. மைக் கையில் இருந்ததால் அந்தச் சத்தம் நான்கு ஸ்பீக்கரிலும் கேட்டது. காய்ந்த தேங்காய் மட்டையை மிதித்தால் வரும் சத்தம்.

வீடியோவின் மொத்த நீளம் நான்கு நிமிடம் பதினோரு விநாடி. கடைசி ஒன்பது விநாடி ஜெனரேட்டர் வண்டியின் டயர்.

அவனால் மூச்சு விட முடியவில்லை. முகம் நீலமானது. குழு வந்த வேனிலேயே ஏற்றினோம். என் மடியில் தலை. உதைத்துக்கொண்டே வந்தான், ஜன்னல் கண்ணாடி ஒன்று உடைந்தது. ஆஸ்பத்திரியில் கழுத்தில் துளை போட்டுக் குழாய் வைத்தார்கள். குரல்வளைக் குருத்தெலும்பு இரண்டு இடத்தில் நொறுங்கியிருக்கிறது என்றார் டாக்டர்.

மாஸ்டர் வராந்தாவில் உட்கார்ந்து அழுதார். "வேன்ல வச்சி எல்லாருக்கும் சொன்னேம்மா. நீங்க வண்டில வந்தீங்க. மேடைக்கு வந்ததும் சொல்லிருக்கணும். மறந்துட்டேன்."

அப்பா மறுநாள் காலை ஏழே முக்காலுக்கு டூட்டி முடிந்து யூனிஃபார்மோடு வந்தார். கட்டிலைப் பார்த்தார், குழாயைப் பார்த்தார். டாக்டரிடம், "பேசுவானா சார்?" என்று கேட்டார்.

"உசுருக்கு ஆபத்தில்ல. பேச்சு வரலாம். எந்த அளவுக்குன்னு இப்ப சொல்ல முடியாது."

அப்பா தரையில் உட்கார்ந்தார். வயிற்றில் அழுத்தியதால் பெல்ட்டைக் கழற்றிச் சுருட்டிக் கட்டிலுக்கு அடியில் வைத்தார். தம்பிக்கு நினைவு திரும்பியிருந்தது. அவன் அப்பாவைப் பார்க்கவில்லை. பெல்ட் போன இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அப்பா கொஞ்ச நேரம் கழித்து அதைக் கவனித்தார். எழுந்து, பெல்ட்டை எடுத்து வெளியே கொண்டுபோனார். திரும்பி வந்தபோது கையில் இல்லை.

திங்கட்கிழமை பத்து மணிக்கு ஏஜென்ட் மெசேஜ் அனுப்பினார்: வீடியோ எங்கே? நான் அதைக் காவல் நிலையத்தில் பென் டிரைவில் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

துடுப்பால் அடித்தவர் அங்கே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். தானாகவே வந்து சரணடைந்தவர். நான் அக்கா என்று அவருக்குத் தெரியும். நிருபர் என்றும் சொன்னேன். கேட்க வேண்டியதைக் கேட்டேன்.

"என் தம்பிய உங்களுக்கு முன்னாடி தெரியுமா?"

"தெரியாதும்மா. நல்லா பாடுனான். எம் பொண்ணு வூட்டுக்கு வந்தும் அதையே முணுமுணுத்துக்கினு கெடந்தாளாம்."

"அப்புறம் ஏன்?"

"தலைவரு எழுந்துட்டாரு. ஊரே அடங்கிப் போச்சி. இவன் மட்டும் பாடறான். அந்த ஊர்க்காரன் விசிலடிக்கிறான். நாங்க இன்னா நெனைக்கிறது? அவனுங்க செட் பண்ணி இட்டாந்த ஆளுன்னு நெனச்சோம்."

"அவனுக்குத் தெரியாது. துண்டு எடுத்தா நிறுத்தணும்னு."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "அது எப்படிம்மா தெரியாம இருக்கும்?"

மீனவ கிராமத்தில் இரு தரப்பினர் மோதல், ஏழு பேர் காயம் என்று செய்தி மூன்றாம் பக்கத்தில் ஒற்றைப் பத்தியில் வந்தது. நான் எழுதவில்லை, எழுதியவர் என் பக்கத்து நாற்காலிக்காரர். ஏழு பேரில் என் தம்பி ஆறாவது.

இரண்டு அறுவை சிகிச்சை நடந்தது. நான்காவது மாதம் குழாயை எடுத்தார்கள். தம்பி இப்போது பேசுகிறான். ஈரத் துணியைத் தரையில் இழுப்பது போன்ற குரல். மூன்று சொல்லுக்கு மேல் தொடர்ந்து வராது. மீதியைப் போனில் தட்டிக் காட்டுவான். ஓட்டலில் ஒலி அமைப்பைப் பார்க்கக் கூப்பிட்டார்கள், போகவில்லை. அப்பா பகலில் தூங்குகிறார். வீடு அமைதியாக இருக்கிறது. அதனாலோ என்னவோ அவருக்குச் சரியாகத் தூக்கம் வருவதில்லை. நடுவில் எழுந்து வந்து, தம்பி படுத்திருக்கும் இடத்துக்குப் பக்கத்தில் நிற்பார். தம்பியின் கை தானாக முகத்துக்கு முன்னால் போகும். அப்பா உள்ளே போய்விடுவார்.

போன வாரம் ஒரு காலை, மாடியில் துணி போட்டுக்கொண்டிருந்தேன். தம்பி புத்தகத்தோடு ஏறி வந்தான். நீட்டினான்.

"எங்கேருந்து?" என்று கேட்டேன்.

போனில் தட்டிக் காட்டினான்: விட்ட எடத்துலேருந்து.

ஏழாவது அத்தியாயத்தில் என் மடிப்பு அப்படியே இருந்தது. முதலாளி சொன்ன வரியை ஒரு முறை மறுபடியும் படித்தேன். பக்கத்தைத் திருப்பினேன்.

பாடகர் குத்து வாங்கிய மறுநாளே அந்தக் கூடத்தில் மேடைக்கு முன்னால், தரையிலிருந்து கூரை வரை, கோழிக்கூண்டுக்கு அடிக்கும் கம்பி வலை அடித்திருந்தார்கள்.